காவல் விதியைப் படிப்பவர் யார்?

இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. மாணவன்

அறிவியல் நாளொரு மேனியும் பொழுதொரு வண்ணமுமாக வளர்ந்து வரும் காலம் இது. நேற்று வரை மனிதன் கேட்டான். கணினி பதில் சொன்னது. இன்றோ செயற்கை நுண்ணறிவு பதில் சொல்வதோடு நிற்பதில்லை. நமக்காகப் போய் வேலையையும் முடித்து வருகிறது. அத்தகைய மென்பொருளை 'ஏஜென்ட்' என்கிறார்கள். ஓர் இணையதளத்தின் பாதுகாப்பு விதிகளையே எடுத்துத் தரும் கருவிகளும் இப்போது அதன் கையில் கொடுக்கப்படுகின்றன. இது நன்மையா, தீமையா? அக்கருவிகளுக்கு விளக்கக் குறிப்பு எழுதுகிறவர் கையில்தான் விடையின் பெரும்பகுதி இருக்கிறது என்பது என் கருத்து.

இணையதளத்திற்கு வரும் ஒவ்வொரு கோரிக்கையையும் வாசலிலேயே நிறுத்திச் சோதிக்கும் காவல் மென்பொருள் ஒன்று உண்டு. அதனை 'வெப் அப்ளிகேஷன் ஃபயர்வால்' என்பர். ஒரே முகவரியிலிருந்து அடுத்தடுத்துப் பலமுறை கடவுச்சொல்லை முயன்றால் தடு, படிவத்தில் தரவுத்தளக் கட்டளை போன்ற எழுத்துகள் வந்தால் தடு என்பன போன்ற விதிகள் அதில் இருக்கும். விதிகள் பெருகப் பெருக, எது எதற்காக என்பது எழுதியவருக்கே மறந்துபோகும். கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் ஏழை மாணவனை எந்த விதி தடுத்தது என்று கண்டுபிடிக்க மணிக்கணக்காகும். ஏஜென்டோ விதிகளை நொடியில் எடுத்து வாசித்துக் காரணம் சொல்லக்கூடும். இதன் பயனை யாரும் மறுக்க முடியாது.

2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் 'மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோக்கால்' என்னும் பொது நெறிமுறையை வெளியிட்டது. அதன்படி ஒவ்வொரு கருவியும் தன் பெயரையும், தன்னைப் பற்றிய விளக்கத்தையும், தனக்கு வேண்டிய உள்ளீடுகளையும் ஏஜென்டுக்குத் தெரிவிக்கிறது. அந்த விளக்கத்தைப் படித்துத்தான் எந்தக் கருவியை எடுப்பது என்று ஏஜென்ட் முடிவு செய்கிறது. முன்பெல்லாம் கையேட்டை மனிதன் படித்தான். ஐயம் வந்தால் நாலு பேரைக் கேட்டான். இப்போது படிப்பது இயந்திரம்; படித்தவுடன் செய்தும் விடுகிறது. 'விதிகளைக் கையாளும் கருவி' என்று மொட்டையாக எழுதினால், அது விதியைப் படிக்குமா, மாற்றுமா? விளக்கத்திற்குள்ளேயே தீய கட்டளையை ஒளித்து வைத்து ஏஜென்டை ஏமாற்ற முடியும் என்பதையும் 2025இல் இன்வேரியன்ட் லேப்ஸ் ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். ரேஷன் கடை அறிவிப்பு முதல் வங்கிக் கடிதம் வரை எந்தத் தாள் வந்தாலும் என்னிடம்தான் வரும். 'தம்பி, இதில் என்ன போட்டிருக்கு?' என்று தெருவில் உள்ளவர்களும் கேட்பார்கள். நான் சொல்வதை நம்பித்தான் கைநாட்டு வைக்கிறார்கள். தாளை எழுதியவர் தெளிவாக எழுதாவிட்டால், படித்துச் சொல்பவன் எவ்வளவு நேர்மையானவனாக இருந்தும் என்ன பயன்? ஏஜென்டின் நிலையும் இதுவே.

'இவற்றையெல்லாம் எழுதவே வேண்டாம், இரகசியமாக வைப்போம்' என்பர் சிலர். பாதுகாப்பு என்பது அமைப்பை மறைப்பதில் அன்று, சாவியைக் காப்பதில்தான் இருக்க வேண்டும் என்று 1883ஆம் ஆண்டிலேயே கெர்க்காஃப்ஸ் என்ற அறிஞர் எழுதிவிட்டார். வீட்டில் இராஜபாளையம் நாய் நிற்கிறது என்று ஊருக்கே தெரியலாம். அதனால் காவல் குறையாது. ஆனால் அது எந்த நேரத்தில் கட்டிப் போடப்படுகிறது என்பது திருடனுக்குத் தெரியக் கூடாது. கருவி எப்படி இயங்குகிறது என்பதை வெளிப்படையாக எழுதலாம். யாருக்கெல்லாம் விதிவிலக்கு என்ற பட்டியலை உரியவருக்கு மட்டுமே காட்ட வேண்டும்.

ஆகவே நல்ல குறிப்பில் நான்கு செய்திகள் இருந்தே தீர வேண்டும் என்பேன். கருவி படிக்க மட்டுமா, மாற்றவும் செய்யுமா? யாருடைய அனுமதியில் இயங்குகிறது? எதைக் காட்டாமல் மறைக்கிறது? நான்காவதுதான் மிக முக்கியம்: வெறும் பட்டியல் திரும்பி வந்தால் அதற்கு என்ன பொருள்? 'விதியே இல்லை' என்பதும் 'பார்க்க உனக்கு அனுமதி இல்லை' என்பதும் ஒன்றல்ல. இரண்டுக்கும் ஒரே விடை வருமானால், காவல் இருக்கும் வாசலைக் காவலற்றது என்று ஏஜென்ட் அறிக்கை கொடுத்துவிடும்.

எழுதினால் மட்டும் போதுமா? போதாது. 'படிக்க மட்டும்' என்று குறிக்கும் அடையாளம் அந்த நெறிமுறையிலேயே உண்டு. நம்பிக்கைக்குரிய சர்வரிலிருந்து வராவிட்டால் அதை நம்பாதே என்ற எச்சரிக்கையும் அதிலேயே உண்டு. பலகை பூட்டாகாது. ஏஜென்டுக்குக் கொடுக்கும் சாவியே படிப்பதற்கு மட்டும் உரியதாக இருக்க வேண்டும். நமக்குத் தெற்கே கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாகக் கணினி ஒன்றில் தீநிரல் புகுந்ததை 2019 அக்டோபர் 30 அன்று இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. அணு உலையின் கட்டுப்பாட்டு அமைப்பு தனித்துப் பிரிக்கப்பட்டிருந்ததால் பாதிப்பு இல்லை என்றும் கூறியது. பார்க்கும் இடத்தையும் இயக்கும் இடத்தையும் பிரித்து வைப்பதன் அருமையை இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்?

தமிழக அரசு 2020இல் இணையப் பாதுகாப்புக் கொள்கையையும் செயற்கை நுண்ணறிவுக் கொள்கையையும் ஒருசேர வெளியிட்டது. கணினிப் பதிவேடுகளை 180 நாட்கள் காத்து வைக்க வேண்டும் என்று 2022இல் செர்ட்-இன் அமைப்பு ஆணையிட்டது. ஏஜென்ட் எந்த விதியை, எப்போது, யாருக்காகப் படித்தது என்பதும் அப்பதிவேட்டில் ஏற வேண்டும்.

மாணவ நண்பர்களே! நிரல் எழுதுவது மட்டுமே திறமை என்று எண்ணுகிறோம். அதற்குத் தெளிவான குறிப்பு எழுதுவதை எடுபிடி வேலையாக ஒதுக்குகிறோம். நம் ஆய்வக ஏடுகளிலும் செய்முறையைக் கடைசி நேரத்தில் பார்த்து எழுதுவதே வழக்கமாகிவிட்டது. இப்பழக்கம் மாற வேண்டும். நம் சான்றிதழும் நிலப் பட்டாவும் மருத்துவச் சீட்டும் இணையத்தில் ஏறிவிட்ட இந்நாளில், அவற்றின் காவலைப் பற்றி எழுதும் ஒவ்வொரு வரியும் பொறுப்புள்ள வரியாக இருக்கட்டும். அதை ஆங்கிலத்தோடு தமிழிலும் எழுதும் பணியை நம் போன்ற அரசுக் கல்லூரி மாணவர்களே மேற்கொள்ளலாம். படித்தவன் கடமை, பிறருக்குப் புரியும்படி எழுதுவது.