எல்லாவற்றையும் எடுப்பவர்

நமது இலக்கியச் சூழலில் புகைப்படம் குறித்து எழுதப்படாத ஒரு படிநிலை இருக்கிறது. மூதாட்டியின் சுருக்கம் விழுந்த முகத்தைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தால் அது கலை. அதே மனிதர் மறுநாள் திருமண மேடையில் நின்றால் அது பிழைப்பு. மைதானத்தின் ஓரத்தில் மண்டியிட்டு ஆட்டத்தை எடுத்தால் வெறும் செய்தி. 'எல்லாவற்றையும் எடுப்பவருக்குப் பார்வை என்று ஒன்று இருக்க முடியாது' என்ற நம்பிக்கையே இதன் அடித்தளம். வேறு வகைப் படங்களைச் சில காலம் எடுத்துவிட்டு ஒருவர் விளையாட்டுக்குத் திரும்பினால், ஏதோ கலையிலிருந்து இறங்கி வந்துவிட்டதைப் போலப் பேசுகிறோம். இந்த நம்பிக்கை பிழையானது. அதோடு, உழைத்தவரின் பெயரை அழிப்பதற்கு வசதியானதும்கூட.

தொலைவில் உள்ள சான்று வேண்டாம். 1950 ஏப்ரல் 14 அன்று ரமண மகரிஷி மறைந்தபோது திருவண்ணாமலையில் இருந்தவர் ஆன்ரி கார்த்தியே பிரெஸ்ஸோன். மகரிஷியின் இறுதி நாட்களை அவர் படமெடுத்தார். அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன் காந்தியின் இறுதி ஊர்வலத்தை எடுத்தவரும் அவரே. அதே கார்த்தியே பிரெஸ்ஸோன் 1957 இல் பாரிஸின் உள்ளரங்கில் நடந்த ஆறு நாள் சைக்கிள் பந்தயத்தையும் எடுத்தார். ஞானியின் மரணத்தை எடுத்த கண் சைக்கிள் பந்தயத்துக்கு இறங்கிவிட்டது என்று யாரேனும் சொல்வார்களா? அவர் விஷயத்தில் பன்முகம் என்று வியக்கிறோம். நம் ஊர்க்காரர் செய்தால் கிடைத்ததையெல்லாம் எடுக்கிறார் என்கிறோம்.

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி செல்லும் சாலையில்தான் கீழ்பென்னாத்தூர் இருக்கிறது. இத்தகைய சிற்றூரில் ஸ்டுடியோ வைத்திருப்பவருக்குத் துறையைத் தேர்ந்துகொள்ளும் சொகுசு கிடையாது. காலையில் பாஸ்போர்ட் அளவுப் படம், முகூர்த்த நாளில் திருமணம், இரவில் தெருக்கூத்து, பொங்கலையொட்டிக் கபடிப் போட்டி. இவை அவரைச் சிதறடிக்கின்றன என்பது நம் முடிவு. உண்மையில் ஒன்று மற்றொன்றுக்குப் பயிற்சியாகிறது. தாலி கட்டும் கணம் மறுமுறை வராது. காத்திருக்கவும் முந்திக்கொள்ளவும் திருமணம் கற்பிக்கிறது. போதாத வெளிச்சத்தில் அசையும் உடலைப் பிடிக்கக் கூத்து கற்பிக்கிறது. இவ்விரண்டையும் கற்றவர் கபடிக் களத்துக்குத் திரும்பும்போது, சென்றபோது இருந்த ஆளாகத் திரும்புவதில்லை.

விளையாட்டுப் புகைப்படத்தை எளிதென எண்ணுபவர்கள் ஒரு செய்தியை அறிய வேண்டும். எஸ்எல்ஆர் கேமராவில் படம் பதிவாகும் கணத்தில் உள்ளிருக்கும் கண்ணாடி மேலெழுந்து காட்சியை மறைத்துவிடுகிறது. அதாவது, எடுப்பவர் தன் கண்ணால் கண்ட கணம் படத்தில் இருக்காது. படத்தில் இருக்கும் கணத்தை அவர் கண்டிருக்க மாட்டார். பாடிச் செல்பவருக்குக் கபடியில் முப்பது விநாடிகளே உண்டு. அவர் விரல் நடுக்கோட்டைத் தொடுவதற்குமுன் ஊகித்துவிட வேண்டும். ஆட்டத்தை உள்ளிருந்து வாசிக்காமல் இது கைகூடாது. கவிதையில் இதை உள்ளுணர்வு என்று கொண்டாடுகிறோம். மைதானத்தில் செய்தால் தொழில்நுட்பம் என்று ஒதுக்குகிறோம்.

ஒரே துறையில் ஊன்றி நின்றால்தான் ஆழம் கிட்டும் என்று மறுப்பவர்கள் உண்டு. அதில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆனால் ஆழம் இருப்பது எடுக்கப்படும் பொருளிலா, எடுப்பவரின் கவனத்திலா? 1986 செப்டம்பர் 22 அன்று சேப்பாக்கத்தில் மணிந்தர் சிங் ஆட்டமிழந்து, இந்திய - ஆஸ்திரேலிய டெஸ்ட் சமனில் முடிந்தது. டெஸ்ட் வரலாற்றில் அது இரண்டாவது முறை. அந்த இறுதிக் கணத்தைப் பதிவுசெய்த மாலா முகர்ஜி விளையாட்டுப் பக்கத்துக்கென்றே பணியாற்றியவர் அல்லர். மறுபுறம், 1965 இல் வீழ்ந்து கிடக்கும் லிஸ்டனின்மேல் நின்று முழங்கும் முகமது அலியை எடுத்த நீல் லைஃபர், 1978 இல் 'டைம்' இதழுக்குச் சென்று சிறைச்சாலைகள் உட்படப் பலவற்றை எடுத்தார். ஒலிம்பிக் வீரர்களிடமும் திரும்பி வந்தார். துறைகளுக்கு இடையிலான சுவர்களை எழுப்பியவர்கள் நாம்தான், படமெடுப்பவர்கள் அல்லர்.

இந்தச் சுவர்களால் என்ன இழப்பு? பெயர். கலைஞர் என்று நாம் ஏற்ற புதுவை இளவேனில் போன்ற ஒரு சிலரின் பெயர்களே நமக்குத் தெரியும். மற்றவர்களின் படங்களை எடுத்து ஒட்டிவிட்டு, 'நன்றி: இணையம்' என்று எழுதிக் கைகழுவுகிறோம். இணையம் எந்த மைதானத்தில் மண்டியிட்டது?

1957 ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் நம்மைவிடப் பெருந்தன்மையானது. கலைத்தரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் புகைப்படம் கலைப்படைப்பே என்கிறது. படமெடுத்தவரையே அதன் ஆசிரியர் என்கிறது. கூலி கொடுத்து எடுக்கச் சொன்னவருக்கு உரிமை போய்விடக்கூடும் என்பது உண்மைதான். ஆனால் உரிமையை விற்ற பிறகும், 'இதை எடுத்தவன் நான்' என்று கோரும் உரிமையை 57 ஆம் பிரிவு அவரிடமே விட்டுவைக்கிறது. 2012 திருத்தத்துக்குப் பின் புகைப்படத்துக்கான பாதுகாப்பு, கவிதைக்கு இருப்பதைப் போலவே, ஆசிரியரின் ஆயுளும் அதற்குமேல் அறுபது ஆண்டுகளும் ஆகிவிட்டது.

கவிஞரின் பெயரின்றி ஒரு கவிதையை வெளியிட்டால் நாம் என்ன பாடு படுத்துவோம்! கீழ்பென்னாத்தூரில் கபடி ஆட்டத்தை எடுத்தவருக்கும் அதே நியாயம் உண்டு. அவர் கலைஞரா இல்லையா என்ற விவாதத்தைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். முதலில் படத்தின் கீழே அவர் பெயரைப் போடுங்கள்.