முதுமையடையும் காற்றாலைகள்: இறக்கைகளின் உள்ளே மறைந்திருக்கும் ஆபத்து

புதுதில்லி: இந்தியாவின் காற்றாலை மின் உற்பத்தித் திறன் 2025 மார்ச் மாதத்தில் 50 ஜிகாவாட்டைத் தாண்டியது. இந்தச் சாதனையின் மறுபக்கத்தில், பழைய காற்றாலைகள் முதுமையடைந்து வருகின்றன. பொதுவாக 20 ஆண்டுகளுக்கென வடிவமைக்கப்படும் இவற்றில், 1990-களில் முப்பந்தல் உள்ளிட்ட இடங்களில் நிறுவப்பட்டவை அந்த வரம்பைக் கடந்துவிட்டன. அவற்றை மாற்றியமைக்கவும் ஆயுளை நீட்டிக்கவும் வழிவகுக்கும் தேசியக் கொள்கையை மத்திய அரசு 2023 டிசம்பரில் வெளியிட்டது.

ஆயுளை நீட்டிப்பதில் எழும் முக்கியக் கேள்வி இறக்கைகளைப் பற்றியது. பிசினில் தோய்ந்த கண்ணாடி இழைகளை அடுக்கடுக்காகப் பொதிந்து இவை உருவாக்கப்படுகின்றன. ஒவ்வொரு சுழற்சியிலும் இறக்கையின் சொந்த எடையே அதை இருபுறமும் மாறி மாறி வளைக்கிறது. நிமிடத்துக்கு 15 சுற்றுகள் எனக் கொண்டால், காற்றில்லாத நாள்களைக் கழித்தாலும் 20 ஆண்டுகளில் இந்த வளைவு 10 கோடி முறைக்கு மேல் நிகழும்.

உலோகத்தில் பெரும்பாலும் ஒரு விரிசல் தோன்றி வளரும். அதைக் கண்டறிந்து கண்காணிக்க இயலும். இழைக் கலப்புப் பொருளின் சோர்வு வேறு வகையானது. முதலில் பிசினில் நுண்விரிசல்கள் பரவலாகத் தோன்றுகின்றன. பின்னர் இழைகள் பிசினிலிருந்து விடுபடுகின்றன; அடுக்குகள் பிரிகின்றன. இறுதியில் இழைகள் அறுகின்றன. வெளிப்பரப்பு பழுதின்றித் தோன்றும்போதே உள்ளே வலிமை குறைந்துகொண்டிருக்கும்.

வயதை மட்டும் அளவுகோலாகக் கொள்ளவும் இயலாது. அமெரிக்காவின் நான்டக்கெட் தீவுக்கு அருகே, 2024 ஜூலையில் 107 மீட்டர் நீளமுள்ள புத்தம் புதிய இறக்கை ஒன்று உடைந்து, அதன் சிதறல்கள் கடற்கரையில் ஒதுங்கின. தயாரிப்பின்போது ஒட்டுப்பகுதிகள் போதிய அளவு இணையாததே காரணம் என உற்பத்தி நிறுவனம் தெரிவித்தது.

எனவே, ட்ரோன் எடுக்கும் படங்கள் மட்டும் போதுமானவை அல்ல. அவை மேற்பரப்பையே காட்டும். மீயொலிச் சோதனை, வெப்பப் படமெடுப்பு, அதிர்வெண் மாற்றத்தைக் கண்காணித்தல் ஆகியவையே உட்சிதைவை வெளிப்படுத்தக்கூடியவை. இவற்றுக்குச் செலவு அதிகம். சிறிய, பழைய காற்றாலையின் வருவாய் அதை ஈடுகட்டாமலும் போகலாம். அத்தகைய இடங்களில் ஆயுள் நீட்டிப்பைவிட, புதிய காற்றாலைக்கு மாறுவதே பாதுகாப்பான தேர்வாக அமையும்.