ஓய்ந்த கைக்கு ஒரு வேலை

எமது பெரிய தந்தையார் கிராமப் பாடசாலையொன்றில் முப்பத்தைந்து ஆண்டுகள் ஆசிரியராயிருந்து ஓய்வு பெற்றவர். கரும்பலகையில் அவர் எழுதும் எழுத்து அச்சுக் கோத்தாற்போல இருக்கும். அதைப் பார்த்தே நாமும் எழுதப் பழகினோம். 2022ஆம் ஆண்டு மார்கழியில் ஒருநாள் அதிகாலை, கிணற்றடியில் வாளிக் கயிற்றைப் பற்றிய அவருடைய வலக்கை பிடி தளர்ந்து நழுவியது. வாய் கோணிற்று; பேச்சுக் குழறிற்று. பாரிசவாதம் என்றனர் வைத்தியர். மூன்று வாரங்களின்பின் வீடு திரும்பியபோது பேச்சுத் தெளிந்திருந்தது. கோலூன்றி நடக்கவும் முடிந்தது. வலக்கை மட்டும் மடியிற் கிடந்தது.

வீட்டார் அன்பிற் குறைவைக்கவில்லை. பெரிய தாயார் சோறு பிசைந்து ஊட்டினார். மகள் சட்டைப் பொத்தானைப் பூட்டிவிட்டாள். நாமும் செல்லுந்தோறும் தேநீரை அவருடைய இடக்கையிலேயே கொடுத்தோம். அடுத்துவந்த சித்திரைப் புத்தாண்டில் அவர் பிள்ளைகளுக்குக் கைவிசேடம் வழங்கவில்லை. பெரிய தாயாரைக் கொண்டே கொடுப்பித்தார். ஏன் என்று கேட்டோம். "இடக்கையாற் கொடுப்பதா, தம்பி?" என்றார். அவ்வொரு வினாவில் அடங்கியிருந்த வேதனையை அன்றுதான் உணர்ந்தோம்.

வைகாசி மாதத்தில் இயன்மருத்துவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். இளம் பெண். மணிக்கட்டை உயர்த்தச் சொன்னார், சிறிது உயர்ந்தது. விரல்களை விரிக்கச் சொன்னார், சிறிது விரிந்தன. பின்னர் பெரிய தாயாரை நோக்கி, "அம்மா, ஐயாவின் கை சாகவில்லை. நீங்கள் எல்லாருமாகச் சேர்ந்து அதை மறக்கப்பண்ணுகிறீர்கள்" என்றார். அச்சொல் எம்மையும் சுட்டது. அது மெய்தானா என்று நூல்களைத் தேடினோம். மெய்யேதான்.

1917ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் ஒக்டன், பிரான்ஸ் என்னும் ஆய்வாளர் இருவர் ஒருபக்கம் செயலிழந்த குரங்குகளின் நல்ல கையைக் கட்டிவைத்து, நோயுற்ற கையை இயங்கச்செய்தபோது அது தேறியதைக் கண்டனர். பின்னர் எட்வேர்ட் டௌப் என்னும் உளவியலாளர் இதற்குக் காரணம் கண்டார். ஒரு கையின் உணர்ச்சி நரம்புகளை அறுத்துவிட்டால், அசைக்கும் வலி எஞ்சியிருந்தும் குரங்கு அக்கையைப் பயன்படுத்துவதில்லை. தொடக்கத்தில் அது முயல்கிறது, தோற்கிறது. மறுகையால் அலுவல் எளிதில் முடிகிறது. பலமுறை தோற்றபின் முயற்சியையே விட்டுவிடுகிறது. நாளடைவில் ஆற்றல் திரும்பினாலும் விட்ட பழக்கம் திரும்புவதில்லை. ஆக, குரங்கு ஒரு பாடத்தைக் கற்றுக்கொண்டது; பயன்படுத்தாமை என்பதே அப்பாடம். பாரிசவாதம் கண்டவர் பலருக்கும் நேர்வது இதுவே என்றார் டௌப்.

கற்றதை மறக்கச்செய்யும் வழி யாது? நல்ல கைக்கு ஓய்வும் நலிந்த கைக்கு வேலையும் கொடுப்பதே. நல்ல கைக்குத் தடித்த உறை மாட்டிவிடுவர். நலிந்த கையாற் செய்யக்கூடிய சிறு தொழிலைத் திரும்பத் திரும்பச் செய்வித்து, படிப்படியாகக் கடினமாக்குவர். எந்தெந்த அலுவலை அக்கையாற் செய்வதென்று நோயாளரும் வீட்டாரும் ஒப்பந்தம் எழுதிக் கையொப்பமிடுவதும் உண்டு.

இம்முறையை 222 பேரிடம் சோதித்த பெரும் ஆய்வொன்றின் முடிவு 2006இல் அமெரிக்காவில் வெளியாயிற்று. அவர்கள் நோய் கண்டு மூன்று முதல் ஒன்பது மாதங்கள் கழிந்தவர்கள். சிகிச்சை பெற்றோர் இரண்டு வாரம், விழித்திருக்கும் நேரத்திற் பெரும்பகுதி உறை அணிந்து, நாளொன்றுக்கு ஆறு மணிநேரம் வரை பயின்றனர். ஓராண்டின் பின்னும் அவர்களுடைய கை மற்றவர்களின் கையிலும் நன்கு உதவிற்று. இத்தகைய பயிற்சியின்பின் மூளையில் அக்கைக்குரிய பரப்பு விரிவதையும் ஜேர்மானிய ஆய்வாளர் 2000ஆம் ஆண்டில் அளந்து காட்டினர்.

'கைப்புண்ணுக்குக் கண்ணாடி வேண்டுமோ' என்பது நம் பழமொழி. கைநோய்க்குக் கண்ணாடியும் உதவும் என்று காட்டியவர், தமிழ்நாட்டிற் பிறந்து சென்னையில் மருத்துவம் பயின்ற வி. எஸ். இராமச்சந்திரன். நலிந்த கையைக் கண்ணாடியின் பின் மறைத்து, நல்ல கையை அதன்முன் அசைத்தால், மறைந்த கையே அசைவதுபோலக் கண்ணுக்குத் தோன்றும். கையிழந்தோரின் வேதனை தணிக்க அவர் கண்ட இவ்வுத்தியை 1999இல் பாரிசவாதம் கண்ட ஒன்பது பேரிடம் அவரும் பிறரும் சோதித்தனர். இன்று பல நாடுகளில் இது துணைப்பயிற்சியாக விளங்குகின்றது.

வாசகர்கள் இதைப் படித்தவுடன் வீட்டிலுள்ள நோயாளரின் நல்ல கையைக் கட்டிவிடலாகாது. மணிக்கட்டும் விரல்களும் சிறிதேனும் நிமிரக்கூடியவர்க்கே உறைமுறை ஏற்றது. நோய் கண்ட முதல் வாரங்களிற் கடும்பயிற்சி கொடுப்பது நன்மையைக் குறைக்கலாம் என்பதை 2009இல் வெளியான ஆய்வொன்று காட்டிற்று. நடக்கும்போதும், அடுப்பு, வெந்நீர் முதலியவற்றின் அருகிலும் உறை ஆபத்தானது. நலிந்த கையைப் பிடித்து இழுத்து எழுப்புவதும், அக்குளிற் கைகொடுத்துத் தூக்குவதும் தோள்மூட்டைக் கெடுக்கும். உட்காரும்போது அக்கையைத் தலையணைமேல் தாங்கிவைத்தல் வேண்டும். எது எவர்க்குப் பொருந்தும் என்பதை வைத்தியரும் இயன்மருத்துவருமே தீர்மானிக்க வேண்டும்.

எம் வீட்டிலும் இயன்மருத்துவர் சொற்படி காலையும் மாலையும் பயிற்சி தொடங்கிற்று. புளியங்கொட்டைகளை ஒரு கிண்ணத்திலிருந்து மறு கிண்ணத்துக்கு மாற்றுதல், வெறும் மூக்குப்பேணியைத் தூக்கி வைத்தல், துணியை மடித்தல், பொத்தான் பூட்டுதல். முதல் நாள் மூன்று புளியங்கொட்டை மாற்ற அரைமணிநேரம் சென்றது. அவர் சினந்தார், கிண்ணத்தைத் தள்ளிவிட்ட நாள்களும் உண்டு. ஆனால் அவரைக் காட்டிலும் துன்புற்றவர் பெரிய தாயாரே. கணவன் சோற்றை வாயருகே கொண்டுசென்று பாதியைச் சிந்துவதைப் பார்த்துக்கொண்டு, தம் கைகளைக் கட்டியபடி எதிரே இருந்தார். ஊட்டுவதிலும் ஊட்டாதிருப்பது கடினம் என்பதை அவர் முகத்திற் கண்டோம். கையுறை அணிந்தவர் பெரிய தந்தையார், கட்டுண்டவர் அவர்.

அச்சுக் கோத்த அந்த எழுத்து மீளவில்லை. கையொப்பம் இன்றும் கோணலாகவே விழுகின்றது. ஆயினும் 2024ஆம் ஆண்டுச் சித்திரைப் புத்தாண்டன்று அவர் வாசலிற் கதிரை போட்டு அமர்ந்தார். பேரப்பிள்ளைகள் வரிசையாய் நின்றனர். வெற்றிலையில் வைத்த நாணயத்தை வலக்கையால் எடுத்து, நடுங்க நடுங்க ஒவ்வொருவர் கையிலும் வைத்தார். மூன்றாம் பிள்ளைக்குக் கொடுக்கையில் நாணயம் நழுவித் தரையில் உருண்டது. பொறுக்கிக் கொடுக்க நாம் குனிந்தோம்.

"விடுங்கோ, தம்பி. அவர் எடுப்பார்" என்றார் பெரிய தாயார்.

எடுத்தார்.