புடின் போட்ட பூஜ்யம்!

அமெரிக்காவை எதிர்த்து யார் பேசினாலும் அவரைத் தோளில் தூக்கிக் கொண்டாடும் நோய் நம் சமுதாயத்தில் பலருக்கு உண்டு. அந்த வரிசையில் ரஷ்ய அதிபர் புடினும் இடம் பிடித்து விட்டார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களை இழிவுபடுத்துவது சுதந்திரம் ஆகாது என்று 2021 டிசம்பரில் அவர் சொன்னார். நல்ல பேச்சு, மறுக்கவில்லை. அந்த ஒரு பேச்சுக்காக அவரது ஆட்சிக்கே நற்சான்று வழங்கும் சகோதரர்கள், அவர் நாற்காலியை எப்படிப் பிடித்தார், எப்படி விடாமல் இருக்கிறார் என்பதைச் சிந்திக்க வேண்டாமா?

பிடித்த கதை

1999 டிசம்பர் 31 அன்று யெல்ட்சின் பதவி விலகினார். அந்த ஆகஸ்டில் தான் பிரதமராக்கிய புடினைத் தற்காலிக அதிபராக்கி விட்டுப் போனார். புடின் கையெழுத்திட்ட முதல் ஆணைகளில் ஒன்று என்ன தெரியுமா? விலகிய யெல்ட்சின் மீது வழக்குத் தொடர முடியாதபடி பாதுகாப்பு அளித்த ஆணை! 2000 மார்ச்சில் தேர்தல் நடந்தபோது செச்சன்யாவின் தலைநகர் குரோஸ்னி குண்டுவீச்சில் இடிபாடாகிக் கிடந்தது. முஸ்லிம்களின் மீது நடந்த அந்தப் போர்தான் அவரை 'வலிமையான தலைவர்' ஆக்கியது.

விடாத கதை

தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் ஒருவர் அதிபராக இருக்கக் கூடாது என்றது 1993 அரசியல் சட்டம். 'தொடர்ந்து' என்ற சொல்லில் ஓட்டை கண்டார்கள். 2008-ல் மெத்வெதேவை அதிபராக உட்கார வைத்து விட்டு, புடின் பிரதமரானார். அதே ஆண்டில் அதிபரின் பதவிக்காலம் 4 ஆண்டிலிருந்து 6 ஆண்டாக நீட்டப்பட்டது. யாருக்காக என்பது 2012-ல் அவர் திரும்பி வந்தபோது விளங்கியது.

2020-ல் நடந்ததுதான் பெரிய கூத்து. 'தொடர்ந்து' என்ற சொல்லை நீக்கி, எவரும் மொத்தமே இரண்டு முறைதான் என்று சட்டத்தைக் கடுமையாக்கினார்கள். ஆனால் அதுவரை ஆண்ட காலம் கணக்கில் சேராதாம்! விண்வெளி சென்ற முதல் பெண்மணியான தெரெஷ்கோவாவை விட்டு முன்மொழிய வைத்தார்கள். 2024-ல் வென்ற புடின் 2036 வரை இருக்கலாம். அப்போது அவருக்கு வயது 83. ஊருக்கெல்லாம் பூட்டு, பூட்டியவருக்கு மட்டும் திறந்த கதவு!

கலீஃபாக்கள் ஆளவில்லையா?

"கலீஃபாக்களும் வாழ்நாள் முழுதும்தானே ஆண்டார்கள்?" என்று சிலர் கேட்கிறார்கள். அவர்கள் காலவரம்பு சொல்லிப் பதவிக்கு வந்து, பிறகு அதை மீறியவர்கள் அல்லர். புடினோ இந்த அரசியல் சட்டத்தைக் காப்பேன் என்று உறுதிமொழி எடுத்துப் பதவியேற்றவர். ஒப்பந்தங்களை நிறைவேற்றுங்கள் என்பது இறைக்கட்டளை. வாக்களித்து மீறுவது நயவஞ்சகனின் அடையாளம் என்பது நபிமொழி.

உமர் (ரலி) அவர்கள் மரணப் படுக்கையில் ஆறு பேர் கொண்ட குழுவிடம் அடுத்த தலைவரைத் தேர்வு செய்யும் பொறுப்பை ஒப்படைத்தார்கள். தம் மகன் அப்துல்லாஹ் ஆலோசனையில் கலந்து கொள்ளலாம், ஆட்சியில் அவருக்குப் பங்கில்லை என்றார்கள். தனக்குப் பின் என்ன என்பதை மக்கள் முன் வெளிப்படையாக வைத்தார் அவர். தனக்குப் பின் என்ன என்று எவரும் கேட்கவே கூடாது என்பதற்காகச் சட்டத்தைத் திருத்தினார் இவர். இவரா நமக்கு முன்மாதிரி?

நம்மவர்களும் விலக்கல்ல

முஸ்லிம் நாடுகளின் ஆட்சியாளர்களும் இதே பாடத்தைத்தான் படித்தார்கள். வாழ்நாள் அதிபர் பதவியை ஒழித்த துனீசியாவின் பென் அலி, 2002-ல் வாக்கெடுப்பு நடத்தித் தன் வரம்பை நீக்கினார். 2011-ல் நாட்டை விட்டே ஓடினார். எகிப்தில் முபாரக் 30 ஆண்டுகள் ஆண்டு வீழ்ந்தார். அதே எகிப்தில் சிசி 2019-ல் சட்டத்தைத் திருத்தி 2030 வரை வழி செய்து கொண்டார். இவர்களைக் கண்டிக்கும் நாம் புடினுக்கு மட்டும் கைதட்டினால், அதற்குப் பெயர் நீதியல்ல.

ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நம்மை நீதி தவறச் செய்து விடக் கூடாது என்கிறது திருமறை. அமெரிக்கா மீதுள்ள வெறுப்புக்கும் அது பொருந்தும். சட்டங்களைப் பூஜ்யமாக்கலாம். மறுமையின் கணக்கை எவராலும் பூஜ்யமாக்க முடியாது!