காற்றில் போனதற்குக் கணக்கு உண்டு



காஸ்டிங் பேப்பரில் 'நார்மல் லாஸ்' என்று ஒரு சமாச்சாரம் வரும. பி.காம் ஜனங்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நூறு கிலோ சரக்கைக் காய்ச்சினால் ஐந்து கிலோ ஆவியாகிப் போகும். அது எப்போதும் போவதுதான். அதன் விலையை மிச்சம் 95 கிலோவின் தலையில் கட்டிவிட்டு நடையைக் கட்டலாம். போகக் கூடாதது போனால்தான் 'அப்நார்மல் லாஸ்'. அதைத் தனியாக எழுதி, யார் பதில் சொல்வது என்று கேட்க வேண்டும்.

இந்த இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று போன மே மாத லீவில்தான் எனக்கு உறைத்தது. அதுவும் வகுப்பில் இல்லை, கரூரில் ஒரு ஷெட்டில்.

என் பெரியப்பா மகன், பழைய ஏசி ஆம்னி பஸ் ஒன்றை வாங்கியிருந்தார். பைபாஸ் ஓரமாக நிறுத்தி டிபன் கடை போடுவது திட்டம். பஸ் கூடு கட்டுவதற்குப் பேர் போன ஊர் கரூர், ஆள் அம்புக்குப் பஞ்சமில்லை. "டேய், நீ காமர்ஸ்தானே படிக்கிற, கணக்கு நோட்டை நீ பாத்துக்க" என்றார். நானும் பெருமையாகப் போய் உட்கார்ந்தேன்.

முதல் வேலை ஏசியைக் கழற்றுவது. கூரை மேல் பெரிய பெட்டி, அதற்குள் கண்டென்சர், கூலிங் காயில், ஃபேன்கள். கீழே கம்ப்ரஸர். இரண்டையும் இணைக்கிற செம்புக் குழாய்கள். கம்ப்ரஸர் பக்கத்தில் ஒரு தகடு, அதில் ஆர்-134ஏ, 5 கிலோ என்று இருந்தது. மெக்கானிக் அண்ணன் ஹேக்ஸா பிளேடை எடுத்துக் குழாயில் நாலு இழுப்பு இழுத்தார். புஸ்ஸ்ஸ் என்று ஒரு சத்தம். மூன்று நிமிஷம் இருக்கும். அப்புறம் அமைதி.

"என்னண்ணே அது?"

"கேஸு தம்பி. பழசு. காத்துல போனதுக்கு ஏது கணக்கு, நீங்க எழுதுங்க."

எழுதினேன். ஏசி கழற்றிய கூலி 1,800. செம்பு, அலுமினியம், கம்ப்ரஸர் காயலான் கடைக்குப் போட்டது 14,300. நிகர வரவு 12,500. அண்ணன் முகத்தில் சிரிப்பு, எனக்கும்தான். கேஸுக்கு ஒரு வரி கூட இல்லை. சாயந்திரம் பெயின்டர் வந்து பச்சை எழுத்தில் போர்டு எழுதிவிட்டுப் போனார்: 'பசுமைப் பேருந்து உணவகம்'.

அன்று ராத்திரி சும்மா இருக்காமல் அந்தத் தகட்டில் இருந்த பெயரைத் தேடிப் படித்தேன். தூக்கம் போச்சு.

ஆர்-134ஏ ஓசோனைக் கெடுக்காது, அது உண்மை. அதற்காகத்தான் அது வந்ததே. அதற்கு முன்னால் ஆர்-12 என்று ஒன்று இருந்தது. அதிலிருக்கிற குளோரின் மேலே போய் ஓசோனை அரிக்கும் என்று 1974-ல் மொலினாவும் ரோலண்டும் எழுதினார்கள். 1985-ல் அண்டார்டிகாவுக்கு மேலே ஓட்டை விழுந்திருப்பதைப் பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் சொன்னார்கள். 1987-ல் மான்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது. ஆர்-12 மாதிரியான சரக்கு தயாரிப்பதை இந்தியா 2008-ல் நிறுத்தியது. அதன் இடத்துக்கு வந்ததுதான் 134ஏ.

ஓசோனை விட்டுவிட்டது, ஆனால் சூட்டை விடவில்லை. நூறு வருஷக் கணக்கில் ஒரு கிலோ 134ஏ, 1,430 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். எங்கள் பஸ் ரொம்ப நாள் சும்மா நின்றது, பாதி கேஸ் ஏற்கெனவே கசிந்திருக்கும் என்றே வைத்துக்கொள்வோம். மிச்சம் இரண்டரைக் கிலோ. 2.5 பெருக்கல் 1,430, அதாவது 3,575 கிலோ. ஒரு லிட்டர் டீசல் எரித்தால் வருவது சுமார் 2.7 கிலோ. ஆக, அந்த மூன்று நிமிஷ 'புஸ்', 1,300 லிட்டர் டீசல் எரித்ததற்குச் சமம். லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் ஓடுகிற பஸ் என்றால் 5,200 கிலோமீட்டர். கரூரிலிருந்து சென்னைக்கு ஆறேழு தடவை போய்த் திரும்பலாம்.

நின்ற இடத்தை விட்டு அசையாத பஸ் ஆறேழு தடவை சென்னை போய் வந்திருக்கிறது மக்களே, மேலே பச்சை போர்டு வேறு :-)

மறுநாள் இரண்டு மூன்று இடத்துக்கு போன் போட்டேன். ரெகவரி மெஷின் வைத்திருந்த ஒருவர், கோயம்புத்தூரிலிருந்து வந்து போக 2,500 ரூபாய் கேட்டார். குழாயை வெட்டாமல், சர்வீஸ் வால்வில் ஹோஸை மாட்டி, கேஸை உறிஞ்சி சிலிண்டரில் பிடித்து எடை போட்டுக் கொடுப்பாராம். சுத்தம் செய்து திரும்பப் பயன்படுத்தலாம். அண்ணனிடம் சொன்னேன். "முன்னாடியே சொல்லியிருக்கலாம்லடா" என்றார். நியாயமான கேள்வி. என்னிடம் பதில் இல்லை.

2,500 கொடுத்திருந்தாலும் எங்களுக்கு 10,000 ரூபாய் நிகர வரவு நின்றிருக்கும். இதைத்தான் யோசிக்கச் சொல்கிறேன். பணம் இல்லாமல் நடந்த தப்பு இல்லை இது. நோட்டில் வரி இல்லாமல் நடந்த தப்பு. செம்புக்கு விலை உண்டு, அதனால் ஒரு துண்டு கூட விடாமல் பொறுக்கினோம். கேஸுக்கு விலை இல்லை, அதனால் ஊதிவிட்டோம். எல்லோரும் சேர்ந்து அதை 'நார்மல் லாஸ்' ஆக்கிவிட்டோம். மிச்சம் 95 கிலோவின் தலையில் கட்டுவது என்கிறோமே, இங்கே அந்த 95 கிலோ யார்? சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் வேலை செய்கிறவர்கள். நம் பஸ்ஸில் இட்லி தின்னக் கூட வராதவர்கள்.

ஆட்சேபணைகள் வரும், தெரியும்.

"ஒரு பஸ்ஸால் என்ன ஆகிவிடும்?" கரூரில் ஒரே ஒரு ஷெட்தான் இருக்கிறதா? பழைய பஸ்ஸை கடையாக்குகிறவர், வீடாக்குகிறவர், நூலகமாக்குகிறவர் எல்லோரும் இதே கேள்வியைத்தானே கேட்பார்கள்?

"முதலில் பெரிய கம்பெனிகளைக் கேள்." கேட்போம். அவன் பில் கட்டவில்லை என்பதற்காக நம் பில் தள்ளுபடி ஆகிவிடாது.

"எப்படியும் கசிந்து போகிற கேஸ்தானே?" பானையில் விரிசல் என்பதற்காக மிச்சத் தண்ணீரைத் தெருவில் கொட்டுவோமா?

பூமியை விடுங்கள், வெட்டுகிறவர் உடம்பு என்ன ஆகும்? குழாயில் திரவமாக நிற்கிற கேஸ் கையில் பட்டால் தோல் உறைந்து வெந்தது போலாகும். காற்றை விடக் கனமானது என்பதால் மூடிய பஸ்ஸுக்குள் தரையில் தேங்கி மூச்சை அடைக்கும். மிச்ச கேஸ் இருக்கிற குழாயில் கேஸ் வெல்டிங் நெருப்பைக் காட்டினால் விஷப்புகை வரும். எங்கள் மெக்கானிக் அண்ணன் கையில் கிளவுஸ் கூட இல்லை. 1,800 ரூபாய் கூலியில் அதுவும் அடக்கம்.

இதற்கெல்லாம் வழி இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் பழைய ஸ்கூல் பஸ்ஸை வீடாக மாற்றுவது ஒரு பெரிய மோகம். அங்கே ஆர்-12, ஆர்-22 போன்றவற்றைத் தெரிந்தே காற்றில் விடுவது 1992-லிருந்து குற்றம், 134ஏ வகையறாவுக்கு 1995-லிருந்து. ஆஸ்திரேலியாவில் 1993 முதல், இறக்குமதியாளர்களிடம் வசூலிக்கிற பணத்தில், பிடித்துக் கொண்டுவரும் கேஸுக்குக் காசு கொடுக்கிறார்கள். நம்ம ஊர் சோடா பாட்டில் டெபாசிட் மாதிரிதான். காலி பாட்டிலை யாராவது தெருவில் எறிவதைப் பார்த்திருக்கிறீர்களா? திருப்பிக் கொடுத்தால் காசு வரும் என்றால் மெக்கானிக் அண்ணனே ஹேக்ஸாவைக் கீழே வைத்துவிடுவார்.

134ஏ வகையறாவைக் குறைக்கச் சொல்லும் கிகாலி திருத்தத்தை இந்தியாவும் 2021-ல் ஏற்றுக்கொண்டது. குறைப்பு 2032-ல்தான் தொடங்கும். அதுவரை ஹேக்ஸாவோடு காத்திருக்க வேண்டுமா என்ன?

நான் கேட்பது மூன்றே விஷயம். வண்டியை மாற்றிக் கட்ட ஆர்.டி.ஓ. அனுமதி தரும்போது, ஏசி இருந்த வண்டி என்றால், கேஸ் பிடித்த ரசீதையும் கேட்கட்டும். புதுசாக விற்கிற கேஸின் விலையிலேயே டெபாசிட் சேரட்டும். மூன்றாவது நமக்கு. பழைய ஏசி பஸ் வாங்கினால், எஸ்டிமேட்டில் பெயின்டுக்கு முன்னால், போர்டுக்கு முன்னால், முதல் வரியாக 'கேஸ் எடுக்க' என்று எழுதுங்கள். எடை போட்ட ரசீது கைக்கு வரும்வரை ஒரு போல்ட்டைக் கூடக் கழற்ற விடாதீர்கள். கம்ப்ரஸர் எண்ணெயையும் மண்ணில் ஊற்றாமல் கேனில் பிடியுங்கள். அப்புறம் எந்தக் கலரில் வேண்டுமானாலும் போர்டு வையுங்கள்.

பழைய பஸ்ஸைத் திரும்பப் பயன்படுத்துவது நல்ல காரியம்தான், நான் அதற்கு எதிரி இல்லை. 'பசுமை' என்று போர்டு வைத்தால் வவுச்சரும் இருக்க வேண்டும் என்கிறேன், அவ்வளவுதான்.

கடை நன்றாகப் போகிறது. அண்ணன் இரண்டாவது பஸ் பார்த்துக்கொண்டிருக்கிறார், அதுவும் ஏசி வண்டி. எஸ்டிமேட்டை நான்தான் போட்டேன். முதல் வரி: கேஸ் எடுக்க, 2,500. பேப்பரைத் திருப்பிக் கொடுத்தபோது அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார். அதை ரப்பரால் அழிக்க வைக்கும் வரை நான் விடப்போவதில்லை.

டிஸ்கி: மெக்கானிக் அண்ணன் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. அவர் கையில் ஹேக்ஸா இருந்தது, என் கையில் நோட்டு இருந்தது. அந்த வரியை எழுதாமல் விட்டது நான்தான்.