சுக்கு வெந்நீர் போதாத இடம்

மட்டாஞ்சேரி பஜார் சாலையின் பழைய கிடங்குகளைக் கடப்போர்க்குச் சுக்கும் மிளகும் மணக்கும். 'கொச்சிச் சுக்கு' உலகச் சந்தையில் தனிப்பெயர் பெற்ற சரக்கு. சென்ற ஆண்டு அந்த மணமே என் தோழி ஒருவருக்குத் தண்டனையாயிற்று. முனைவர் பட்ட ஆய்வாளரான அவர் அப்போது ஏழு வாரக் கர்ப்பிணி. குடித்த நீரும் வயிற்றில் தங்கவில்லை. அறிந்தோர் அனைவரும் சொன்னது ஒன்றே: “மசக்கைதானே, சுக்கு வெந்நீர் குடி.” பத்து நாள் கழித்து அவருக்கு நரம்பு வழியே நீர் ஏற்ற வேண்டியதாயிற்று.

இஞ்சியை நான் பழிக்கவில்லை. லேசான குமட்டலுக்கு அது ஓரளவு உதவும் என்பதை ஆய்வுகளும் ஏற்கின்றன. சிறிது சிறிதாக அடிக்கடி உண்பதும், ஒவ்வாத மணங்களை விலக்குவதும் பயன் தருவனவே. கருவுற்ற பெண்களில் 100க்கு ஏறக்குறைய 70 பேர் இத்தொல்லையை அறிவர். பெரும்பாலோர்க்கு 20ஆம் வாரத்திற்குள் அது தணிந்துவிடும். ஆனால் 100 பேரில் ஒருவர் முதல் மூவர் வரை படும் மிகை வாந்தி வேறு வகை. உடல் எடை 5 விழுக்காட்டுக்கு மேல் குறையும், சிறுநீர் குறைந்து நிறம் அடரும், நீர்கூடத் தங்காது. அந்நிலையில் கைவைத்தியம் சொல்வது சிகிச்சையைத் தள்ளிப்போடுவதாகும்.

இதை மனத்தின் கோளாறு என்று மருத்துவ உலகமே நெடுங்காலம் எண்ணியதுண்டு. 2023 டிசம்பரில் 'நேச்சர்' இதழில் வெளிவந்த ஆய்வு வேறொரு காரணத்தை முன்வைத்தது. நஞ்சுக்கொடியும் கருவும் சுரக்கும் ஜிடிஎஃப்15 என்னும் இயக்குநீர் மூளையின் வாந்தி மையத்தைத் தூண்டுகிறது. கருவுறுமுன் உடலில் அது குறைவாக இருந்த பெண்களுக்குத் துன்பம் மிகுகிறது. அவ்வாய்வை முன்னெடுத்தோருள் ஒருவரான மார்லினா ஃபெசோ, இந்நோயால் 1999இல் தம் கருவை இழந்தவர்.

மருந்தைக் கண்டு அஞ்சுவதற்கும் வரலாறு உண்டு. 1957இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்து, கர்ப்பிணிகளின் குமட்டலுக்கும் தரப்பட்ட தாலிடோமைடு, 1961இல் திரும்பப் பெறப்படுமுன் ஆயிரக்கணக்கான குழந்தைகளின் கைகால்களைக் குறைத்தது. அந்த அச்சம் மற்ற மருந்துகள் மீதும் படிந்தது. டாக்சிலமினும் பைரிடாக்சினும் சேர்ந்த மாத்திரை வழக்குகளின் நெருக்கடியால் 1983இல் அமெரிக்கச் சந்தையை விட்டு விலகியது. குறைபாடு உண்டாக்கும் என்பதற்குச் சான்று கிட்டாத நிலையில், அதே கூட்டுமருந்து 2013இல் அங்கு மீண்டும் ஒப்புதல் பெற்றது. மருத்துவர் தரும் மருந்தை உட்கொள்ளும் தாய் தன் குழந்தைக்குத் தீங்கிழைப்பவள் அல்லள்.

இனி நம் துறைகளைப் பற்றி. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு ஒழுங்குமுறை, பெண் ஆய்வாளர்க்கு 240 நாள் வரை மகப்பேறு விடுப்பு வழங்க இடந்தருகிறது. எனினும் பலர் அதைப் பிரசவத்திற்குப் பின் வேண்டும் என்று சேர்த்து வைக்கின்றனர். துன்பம் உச்சத்தில் இருப்பதோ, செய்தியை எவரிடமும் சொல்லத் தயங்கும் முதல் மூன்று மாதங்களில். ஆகவே, காரணத்தை விரிவாகக் கேளாமல் சில வாரங்கள் களப்பணியை ஒத்திவைக்கவும், ஆய்வுக்கூட நெடியிலிருந்து விலகியிருக்கவும், கூட்டங்களில் இணையவழி பங்கேற்கவும் நெறியாளர்கள் இசைய வேண்டும். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை.

நண்பர்களே, அடுத்த முறை சுக்கு வெந்நீரைப் பரிந்துரைக்குமுன் ஒன்று கேளுங்கள்: “இன்று குடித்த நீர் தங்கியதா?” இல்லை என்றால், மருத்துவமனைக்கு உடன் செல்லுங்கள்.