சன்னிவேல் சங்கதிகள் - 14: வாங்கினேன், ஆனா என்னுதில்லை

போன ஞாயித்துக்கிழமை அப்பா போன்ல கேட்டது இன்னும் குடைஞ்சுக்கிட்டே இருக்கு. "ஒரு நாவல் வாங்குனேன்னு சொன்னியே, படிச்சு முடிச்சிட்டேல்லா? எனக்கு அனுப்பி வை."

சன்னிவேலில் கால்ட்ரெய்ன் பிடித்து சான் ஹோசேக்கு வகுப்புக்குப் போகும்போது படித்த மின்நூல் அது. அனுப்பலாம் என்று பார்த்தால் வழியே இல்லை. என் கணக்கு, என் கருவி, அதோடு சரி. திருநெல்வேலி வீட்டில் அப்பாவின் புத்தகங்கள் தெரு முழுக்கச் சுற்றி, காபிக்கறையோடு திரும்பி வரும். அச்சுப் புத்தகத்தை வாங்கியவர் விற்கலாம், யாருக்கும் கொடுக்கலாம் என்றுதான் அமெரிக்கச் சட்டமும் சொல்கிறது. ஆனால் மின்நூல் கடையில் பெரும்பாலும் நாம் வாங்குவது புத்தகமே இல்லைங்க, படிக்க ஒரு அனுமதி!

சும்மா பயமுறுத்தவில்லை. 2009 ஜூலையில், விற்றவருக்கு உரிமை இல்லை என்று சொல்லி, வாங்கியவர்களின் கிண்டிலில் இருந்தே ஒரு புத்தகத்தை அழித்தது அமேசான். எந்தப் புத்தகம் தெரியுமா? ஆர்வெல்லின் '1984' :-) காசு திரும்ப வந்தது, மன்னிப்பும் கேட்டார்கள். ஆனால் மிச்சிகனில் ஒரு பள்ளி மாணவன் படித்துப் படித்து எழுதி வைத்த குறிப்புகள் வீணாப் போச்சு. 2025 பிப்ரவரி 26-இல், கிண்டில் நூல்களைக் கணினியில் இறக்கி யூ.எஸ்.பி. வழியாக மாற்றும் வசதியையும் நிறுத்தினார்கள்.

இங்கே கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் ஏபி 2426 என்று ஒரு சட்டம். வெறும் அனுமதியை விற்றுவிட்டு, அதைத் தெளிவாகச் சொல்லாமல் 'வாங்கு' என்று பொத்தான் வைக்கக் கூடாது. நல்ல விஷயம்தான். ஆனால் எச்சரிக்கிறதே தவிர, உரிமை எதுவும் தரவில்லை. அதில் ஒரு விலக்கு இருக்கு பாருங்க, அதுதான் முக்கியம்: இணையம் இல்லாமலே பயன்படுத்தும்படி நிரந்தரமாக இறக்கி வைத்துக்கொள்ள முடிந்தால் இந்தச் சட்டம் பொருந்தாது. ஆக, கையில் கோப்பு இருந்தால்தான் நம்முடையது.

இதை நம்மாட்கள் 1998 பொங்கலிலேயே ஆரம்பித்துவிட்டார்கள். சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்திய மதுரைத் திட்டம். தன்னார்வலர்கள் தட்டச்சு செய்த நூல்களை யாரும் இறக்கலாம், முகப்புப் பக்கத்தை மாற்றாமல் யாருக்கும் கொடுக்கலாம்.

நேற்று ராத்திரி அங்கிருந்து 'பொன்னியின் செல்வன்' இறக்கி அப்பாவுக்கு அனுப்பினேன். எழுத்தைப் பெரிசாக்கிப் படிக்கலாமேன்னு அவருக்கு சந்தோஷம். "இதை எதிர்வீட்டு மாமாவுக்குக் குடுக்கலாமாடே?"

"தாராளமா குடுங்கப்பா."

பி.கு: அந்த நாவலா? ஊர்லயே அச்சுப் பிரதி வாங்கிக்கச் சொல்லி காசு அனுப்பிட்டேன். ஒரே புத்தகத்துக்கு ரெண்டு தரம் காசு. ஹ்ம்ம்...